பர்லியாறில் 33 சொடுக்கு

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போதெல்லாம் அப்பா வழியில் பர்லியாறில் காரை நிறுத்துவார். அம்மாவும் தங்கையும் பலாச்சுளை விற்கிற கடைப் பக்கம் போய்விடுவார்கள். நான் நகரமாட்டேன். அப்பா பானெட்டைத் தூக்கி, டிரைவர் பக்கமாக இன்ஜினுக்குள் கையை விட்டு, எதையோ கட்டைவிரலால் உருட்டுவார். டிக், டிக் என்று கேட்கும். கூடவே உதடும் அசையும்.

"என்னப்பா பண்றீங்க?"

"பேசாத. எண்ணிட்டிருக்கேன்."

திரும்பி மலை ஏறும்போதும் அதே இடம், அதே டிக் டிக். மேட்டுப்பாளையம் தாண்டினால் பண்ணாரி அம்மன், மலையேறினால் தந்தி மாரியம்மன் என்று அம்மாவுக்கு ஒரு வேண்டுதல் வரிசை உண்டு. அப்பாவுக்கு இது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அது என்ன எண்ணிக்கை என்று புரிய எனக்கு நாற்பத்தெட்டு வயதாக வேண்டியிருந்தது. அதற்குள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

கார் 1959ஆம் வருட மாரிஸ் மைனர் 1000. 948 சிசி. அப்பா குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் டீ மேக்கராக, அதாவது பாக்டரியில் தேயிலைப் பதம் பார்ப்பவராக இருந்தார். ஊருக்குக் கிளம்பிய துரை ஒருவர் 1971ல் அவருக்குக் கைமாற்றிவிட்டுப் போன வண்டி. புத்தகக் கணக்குப்படி 37 குதிரைத்திறன். ஆனால் அது கடல்மட்டத்துக் கணக்கு. குன்னூர் 1,850 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். ஆக மலையேறி வருவதற்குள் ஏழு குதிரைகள் வழியில் எங்கோ இறங்கிவிடுகின்றன. மிச்சமிருக்கும் முப்பதை வைத்துத்தான் காட்டேரி ஏற்றத்தை ஏற வேண்டும்.

மூன்று வருடம் முன்னால் இன்ஜினைக் கோவைக்கு அனுப்பி போரிங் போட்டு, புது பிஸ்டன் போட்டு எடுத்து வந்தேன். பழைய ஒர்க்‌ஷாப் கையேடு ஒன்றும் கிடைத்தது. இனி எல்லாம் முறைப்படி நடக்கட்டும் என்று டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, நானே வைத்தேன். இன்ஜினின் பிரதான தண்டான கிராங்கின் புல்லியில் ஒரு வெட்டு இருக்கும். டைமிங் மூடியின் அடியில் மூன்று கூர் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். நீளமானது பிஸ்டன் உச்சியைத் தொடும் இடம், மற்ற இரண்டும் உச்சிக்கு முன் 5 டிகிரி, 10 டிகிரி. காருக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், பழைய டைமிங் புத்தகம் சொல்வதைவிடக் கிட்டத்தட்ட 6 டிகிரி அட்வான்ஸாக, அதாவது முன்கூட்டியே இருந்தது. மெக்கானிக் பாய்க்கு வயதாகிவிட்டது, கண் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இருபத்தைந்து வருடமாக இந்த வண்டிக்கு டைமிங் வைத்தவர் அவர்தான். டெஸ்ட் பல்ப் பிடித்து, புத்தகம் சொன்ன இடத்தில் மயிரிழை பிசகாமல் வைத்தேன்.

வண்டி அதோடு படுத்துவிட்டது.

ஸ்டார்ட் ஆகும். ஐடிலில் தையல் மெஷின் மாதிரி ஓடும். ஊட்டி ரோட்டில் அருவங்காடு வரைக்கும் குறை சொல்ல முடியாது. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது மரப்பாலம் தாண்டியதும் இரண்டாவது கியரில் மூச்சு வாங்கும், காட்டேரியில் முதல் கியருக்கு வந்துவிடும். பின்னால் ஒரு மினி பஸ் ஹாரனிலேயே கை வைத்துக்கொண்டு வரும். கொண்டை ஊசி வளைவில் நின்றுவிடுமோ என்ற பயத்தில் கால் ஆக்ஸிலேட்டரைத் தரையோடு அழுத்திக்கொண்டிருக்கும். வண்டி கேட்காது.

கார்புரேட்டர்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். எஸ்.யூ கார்புரேட்டரின் ஊசி, ஜெட் இரண்டையும் மாற்றினேன். பெட்ரோல் பம்பைப் பிரித்துச் சேர்த்தேன். எக்ஸாஸ்ட்டில் அடைப்போ என்று குழாயைத் தட்டிப் பார்த்தேன். ஒரு வருடமும் கொஞ்சம் பணமும் போனதுதான் மிச்சம்.

கடைசியில் ஒட்டுப்பட்டறையில் பாய் கடைக்குப் போனேன். இப்போது கடையைப் பையன்தான் பார்க்கிறான். ஸ்கேனர் மாட்டி லேப்டாப்பில் பார்க்கிறான். பாய் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பானெட்டைத் திறக்கக்கூட இல்லை, ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கேட்டார். ஒரு தடவை ஆக்ஸிலேட்டரைக் கொடுக்கச் சொன்னார்.

"டைமிங் எவன் வச்சது?"

"நான்தான் பாய்."

"எதப் பாத்து?"

"புக்கப் பாத்து."

"புக்கு எங்க அடிச்சது?"

"இங்கிலாந்துல."

"அங்க காட்டேரி ஏத்தம் இருக்கா தம்பி?"

பையன் உள்ளே சிரித்தது எனக்குக் கேட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, டைமிங் வைக்கும் சாமானான டிஸ்ட்ரிபியூட்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு கார் ஓட்டுகிற பலர் அதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு உலோகக் கிண்ணம். மேலே கறுப்பு மூடி, அதிலிருந்து ஐந்து தடித்த ஒயர்கள் கிளம்பும். நடுவில் இருப்பது காயிலிலிருந்து வருவது, சுற்றி இருக்கும் நாலும் நாலு பிளக்குகளுக்குப் போவது. உள்ளே ஒரு தண்டு இன்ஜின் வேகத்தில் பாதி வேகத்தில் சுழலும். தண்டின் மேல் நாலு முனை உள்ள கேம். அது பாயிண்ட் என்ற சின்ன ஸ்விட்சைத் திறந்து மூடும். பாயிண்ட் திறக்கும் நொடியில் காயிலில் பிறக்கும் மின்சாரத்தை ரோட்டர் எந்த பிளக்குக்கு வேண்டுமோ அதற்குக் காட்டிவிடும். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் நொடிக்கு 100 பொறி.

இவ்வளவுதான் வேலை என்றால் இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. விஷயம் பொறி எப்போது என்பதில் இருக்கிறது. சிலிண்டருக்குள் பெட்ரோல் வெடிப்பதில்லை, எரிகிறது. எரிய நேரம் வேண்டும், சுமார் 2 மில்லி நொடி என்று வையுங்கள். 1,000 சுற்றில் அந்த நேரத்துக்குள் கிராங்க் 12 டிகிரி திரும்பும். 3,000 சுற்றில் 36 டிகிரி. அதனால் வேகம் கூடக்கூடப் பொறியை முன்கூட்டியே கொளுத்தவேண்டும். இதைத்தான் அட்வான்ஸ் என்கிறார்கள். இதற்கென்று பாயிண்ட் தட்டுக்குக் கீழே இரண்டு எடைகளும் அவற்றைப் பிடித்திழுக்க இரண்டு ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. வேகம் கூடினால் எடைகள் விரிந்து கேமை முன்னால் தள்ளும். எவ்வளவு சீக்கிரம் தள்ளும் என்பதை ஸ்பிரிங் தீர்மானிக்கும். எவ்வளவு தூரம் தள்ளும் என்பதைக் கேமின் அடியில் இருக்கும் நிறுத்தம் தீர்மானிக்கும்.

பக்கவாட்டில் சின்னத் தட்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பது வேக்கம் யூனிட். உள்ளே ஒரு ஜவ்வு. கார்புரேட்டரிலிருந்து மெல்லிய குழாய் வழியாக உறிஞ்சல் வரும்போது பாயிண்ட் தட்டையே திருப்பும். பாதி ஆக்ஸிலேட்டரில் போகும்போது மட்டும்தான் இது வேலை செய்யும். முழுக்க அழுத்தினால் உறிஞ்சல் இருக்காது, ஜவ்வு தூங்கப் போய்விடும்.

காட்டேரி ஏற்றத்தில் என் வண்டியை நினைத்துப் பாருங்கள். இரண்டாவது கியர், 2,000 சுற்று, கால் தரையில். வேக்கம் யூனிட் வேலையில் இல்லை. அந்த நேரத்தில் இன்ஜினுக்கு வாய்த்தது இரண்டுதான்: நாம் கையால் வைத்த டைமிங்கும், அந்த 2,000 சுற்றில் எடைகள் விரிந்து கொடுப்பதும். நான் முதலாவதைக் குறைத்துவிட்டேன். இரண்டாவதைப் பற்றி எனக்குத் தெரியவே தெரியாது.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி பாய் கடை மேஜையில் வைத்தோம். பாய் மண்ணெண்ணெய்த் துணியால் வெளியே துடைத்தார். நாற்பது வருட எண்ணெயும் சிவப்பு மண்ணும் போனதும் அலுமினியத்தில் எழுத்துகள் எழுந்தன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

முதலில் வகை: 25டி4. ‘டி’ என்றால் டிஸ்ட்ரிபியூட்டர், 4 என்றால் நாலு சிலிண்டர். என் கார் 1959. அந்த வருட மைனரில் இதற்கு முந்தைய டிஎம்2 வகைதான் இருந்திருக்கவேண்டும். ஆகவே இது வண்டியோடு வந்ததில்லை. அடுத்து நாலு இலக்கம், நடுவில் ஒரு சின்ன இடைவெளியோடு: 37 74. லூகாஸ் வழக்கத்தில் முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 1974ஆம் வருடத்தின் முப்பத்தேழாவது வாரம், அதாவது செப்டம்பர். கார் பிறந்து பதினைந்து வருடம் கழித்துப் பிறந்த சாமான். தயாரிப்பாளர் பெயர் லூகாஸ்-டிவிஎஸ். 1961ல் தொடங்கியது, சென்னை பாடியில் தொழிற்சாலை. ஆக்ஸ்போர்டில் செய்த காருக்குள் பாடியில் செய்த இதயம்.

"இது அம்பாசிடரோடது தம்பி. நான்தான் மாட்டுனேன்" என்றார் பாய்.

பழையதில் தண்டு ஆட ஆரம்பித்துவிட்டதாம். சாமான் கிடைக்காத காலம். மேட்டுப்பாளையத்தில் விபத்தில் நசுங்கிய ஒரு டாக்ஸி உடைப்புக்கு வந்தபோது இதைப் பிடித்து வந்தாராம். அம்பாசிடரும் மைனரும் ஒரே வம்சம்தான். இரண்டிலும் டிஸ்ட்ரிபியூட்டர் இடப்பக்கமாகச் சுற்றும், அடியில் இருக்கும் பூட்டு ஒன்றே, சிலிண்டர்களில் பொறி விழும் வரிசையும் 1-3-4-2. மாட்டினால் மாட்டிக்கொள்ளும், ஓடும். ஆனால் 1,489 சிசி இன்ஜினுக்குச் செய்த அட்வான்ஸ் கணக்கு 948 சிசிக்குப் பொருந்தவேண்டிய அவசியம் இல்லை. பழைய கார் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். ‘ஓடுகிறது’ என்பதை வைத்து டிஸ்ட்ரிபியூட்டர் உங்கள் வண்டியுடையதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். துடைத்து எண்ணைப் படியுங்கள்.

உடம்பில் இருக்கும் எண் வகையைச் சொல்லும். குணத்தைச் சொல்லும் எண்கள் வேறு இரண்டு இடங்களில் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, பாயிண்ட் தட்டை எடுத்தால் தெரியும் கேமின் அடிப்பகுதியில். என்னுடையதில் 12 என்று பொறித்திருந்தது. எடைகள் முழுக்க விரிந்தால் 12 டிகிரி. கவனம், அது டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரி. தண்டு பாதி வேகத்தில் சுற்றுவதால் கிராங்க் கணக்கில் இரட்டிப்பாக்கி 24 என்று கொள்ளவேண்டும். இதை மறந்து குழம்பியவர்கள் பட்டியலில் என் பெயரும் உண்டு. இன்னொன்று வேக்கம் யூனிட்டில், குழாய் மாட்டும் இடத்தருகே: 7-14-6. பாதரசக் கணக்கில் 7 அங்குல உறிஞ்சலில் அசையத் தொடங்கும், 14 அங்குலத்தில் முழுக்கத் திரும்பிவிடும், அதிகபட்சம் 6 டிகிரி. இதையும் இரட்டிப்பாக்க வேண்டும்.

பாய்க்கு இந்த எண்களில் அக்கறை இல்லை. அவர் தட்டைக் கழற்றி ஸ்பிரிங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட, இதப் பாருங்க."

இரண்டு ஸ்பிரிங்குகளும் ஒரே தடிமன். அப்படி இருக்கக்கூடாது. வழக்கமாக ஒன்று மெல்லியது, ஆரம்ப வேகத்திலேயே எடையை விடும். மற்றொன்று தடித்தது, அதன் வளையம் சற்று நீண்டு தொளதொளவென்று இருக்கும். எடை பாதி விரிந்த பிறகுதான் அது இழுக்கவே தொடங்கும். இரண்டும் சேர்ந்து முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் அட்வான்ஸைக் கொடுக்கும். இதில் மெல்லியதை யாரோ எடுத்துவிட்டு தடித்ததைப் போட்டிருக்கிறார்கள்.

"டாக்ஸிக்காரன் வேலையா இருக்கும். அந்தக் காலத்துல மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுவானுங்க. நாக் அடிக்கும். அதுக்கு இப்படி ஸ்பிரிங்க டைட் பண்ணிருவானுங்க" என்றார் பாய்.

நாக் என்றால் பெட்ரோல் முறை தவறி எரிந்து இன்ஜின் தட்டுவது. நடந்தது அதுதானா என்று நிரூபிக்க இப்போது யாரும் இல்லை. ஆனால் கணக்கு பொருந்தியது. தடித்த ஸ்பிரிங்கால் கீழ் வேகத்தில் அட்வான்ஸ் வராது. அன்று பாய் இதைப் பிரித்துப் பார்க்கவில்லை, வாங்கி அப்படியே மாட்டிவிட்டார். வண்டி இழுக்கவில்லை என்று காதில் கேட்டது, கையால் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி 6 டிகிரி கூட்டி வைத்துவிட்டார். ஸ்பிரிங் தராததை அவர் கை தந்தது. இருபத்தைந்து வருடம் அப்படியே ஓடியது. நான் புத்தகத்தோடு வந்து அந்த ஆறையும் பிடுங்கிவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொன்னால் பாய் ‘அதெல்லாம் எனக்குத் தெரியாது’ என்பார். மலையில் காற்று மெலிசு. சிலிண்டருக்குள் நெருக்கம் குறைவு, அதனால் தீ பரவுவதும் மெதுவு. முழு ஆக்ஸிலேட்டரில் கீழே போதுமான அட்வான்ஸ் இங்கே போதாது. அதே காரணத்தால் நாக் அடிக்கும் ஆபத்தும் இங்கே குறைவு. புத்தகத்தை எழுதியவர்கள் கடல்மட்டத்தருகே உட்கார்ந்து எழுதினார்கள், அது அவர்கள் தப்பில்லை. ஆனால் இந்த மலையில் கூட்டி வைத்த வண்டி அப்படியே மேட்டுப்பாளையம் இறங்கினால்? 325 மீட்டரில் காற்று கனம். ஓடந்துறை மேட்டில் கொஞ்சம் அழுத்தினால் தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கினாற்போல் சத்தம் வரும். பிஸ்டனுக்கு அது நல்லதில்லை.

இப்போது 25டி4ன் ஓரத்தில் இருக்கும் ஒரு சின்னக் குமிழைப் பாருங்கள். வேக்கம் யூனிட்டுக்கு எதிர்ப்பக்கம், விளிம்பில் பல் வெட்டிய வட்டம். பக்கத்தில் ஒரு அம்புக்குறி, ஒரு பக்கம் ‘ஏ’, மறுபக்கம் ‘ஆர்’. அட்வான்ஸ், ரிடார்ட். கட்டைவிரலால் உருட்டினால் சொடுக்குச் சொடுக்காக நகரும். 11 சொடுக்கு ஒரு டிகிரி.

பாய் அதை உருட்டிக் காட்டினார். டிக், டிக், டிக்.

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்பா பர்லியாறுல நிறுத்தி இதத்தான்..." என்று இழுத்தேன்.

"முப்பத்து மூணு. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். எறங்கும்போது ஆர் பக்கம் முப்பத்து மூணு, ஏறும்போது ஏ பக்கம் முப்பத்து மூணு. உங்கப்பா ஒண்ணு கூடக் குறைய விட மாட்டாரு. டீ மேக்கரு இல்லையா."

மூன்று டிகிரி. என் அப்பாவின் வேண்டுதல்.

பிறகு நான் செய்த முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன், படிப்பவர்களுக்காவது உபயோகப்படட்டும். இவ்வளவு தெரிந்த பிறகு பாயிண்ட் எதற்கு, எலக்ட்ரானிக்காகவே மாற்றிவிடலாம் என்று ஆன்லைனில் ஒரு மாட்யூல் வாங்கினேன். பாயிண்டையும் கண்டன்சரையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் திருகும் சின்ன டப்பா, தண்டின் மேல் ஒரு காந்த வளையம். பாயிண்ட் தேயாது, இடைவெளி மாறாது. நல்ல சாமான்தான். கறுப்பு ஒயரை வண்டியின் பாடிக்கும் சிவப்பை காயிலுக்கும் கொடுத்தேன். பத்து நொடியில் வறுத்த ரப்பர் வாசனை. மைனர் பாசிட்டிவ் எர்த் வண்டி. பாட்டரியின் பிளஸ்தான் பாடியில் இருக்கிறது. இது சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். மாட்யூலின் தாளில் நெகட்டிவ் எர்த்துக்கு மட்டும் என்று பொடி எழுத்தில் போட்டும் இருந்தது. கை பழக்கத்தில் கறுப்பை பாடிக்குக் கொடுத்துவிட்டது.

வண்டியை நெகட்டிவ் எர்த்தாக மாற்றவும் முடியும். பாட்டரியைத் திருப்பிப் போட்டு, டைனமோவின் ஃபீல்டு முனைக்கு ஒரு கணம் மின்சாரம் தொட்டுக் காட்டித் துருவத்தை மாற்றி, காயில் ஒயர்களை இடம் மாற்றினால் தீர்ந்தது. பலர் செய்கிறார்கள். தினமும் ஓட்டுகிறவர்கள் எலக்ட்ரானிக்குக்குப் போவதுதான் சரி என்பேன். நான் போகவில்லை. மரப்பாலத்தில் மழையில் நின்றுபோனால் பாயிண்டை நகவெட்டியின் அரத்தால் தேய்த்து, விசிட்டிங் கார்டை மடிக்காமல் செருகி இடைவெளி வைத்து வீடு வந்து சேர்ந்துவிடலாம். 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வேண்டும், நல்ல கார்டு ஏறக்குறைய அதுதான். எரிந்த மாட்யூலுக்கு அப்படி ஒரு வைத்தியம் கிடையாது.

ஆக டிஸ்ட்ரிபியூட்டரையே சரிசெய்வது என்று இறங்கினோம். முதலில் புஷ், தண்டைத் தாங்கும் உலோக வளையம். தண்டின் தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் லேசாக ஆடியது. தண்டு ஆடினால் பாயிண்ட் இடைவெளி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், வேறு என்ன செய்தும் பிரயோஜனமில்லை. லேத்தில் புது புஷ் கடைந்து போட்டோம். பாயிண்ட் தட்டிலிருந்து கிண்ணத்துக்குப் போகும் சின்ன எர்த் ஒயர் நூல் நூலாகப் பிரிந்து கிடந்தது, அதையும் மாற்றினோம். இந்த ஒயரை யாரும் பார்ப்பதில்லை. பாதி ‘மிஸ்ஸிங்’ வியாதிக்கு இதுதான் காரணம் என்பது பாயின் கட்சி.

பிறகு ஸ்பிரிங். பாயிடம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய பழைய ஸ்பிரிங்குகள் இருந்தன. கொட்டி, ஒவ்வொன்றாக இரண்டு கட்டைவிரல் நகத்துக்கும் நடுவே இழுத்துப் பார்த்தார். எண்ணும் இல்லை, அட்டவணையும் இல்லை. நாலைந்தை ஒதுக்கி வைத்தார். நான் என் பங்குக்கு டைமிங் லைட்டையும், டிகிரி குறித்து புல்லியில் ஒட்டிய காகித நாடாவையும் கொண்டுவந்தேன். வேக்கம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, இன்ஜினை ஓட்டி, ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் நோட்டில் குறித்தேன். பழைய இரட்டைத் தடி ஸ்பிரிங்கில் 2,000 சுற்றில் எடைகள் கொடுத்தது 6 டிகிரி, 3,000ல் 14. பாய் முதலில் எடுத்த ஸ்பிரிங் ரொம்ப மெலிசு, ஐடிலிலேயே அட்வான்ஸ் ஆடியது. மூன்றாவது பொருந்தியது: 2,000ல் 14, 3,000ல் 20, அதற்கு மேல் மெதுவாக ஏறி 24ல் நின்றது. காட்டேரி ஏற்றம் கேட்கிற அந்த 2,000 சுற்றில் 8 டிகிரி கூடுதல். கையால் வைக்கும் டைமிங்கை இப்போது புத்தகத்தைவிட 2 டிகிரி மட்டும் கூட்டினோம்.

"லைட்டு வச்சு என்னத்தக் கண்டீங்க? மூணாவதுதான் சரின்னு நான் அப்பவே தனியா வச்சேன்" என்றார் பாய். உண்மையில் அவர் தனியாக வைத்தது நாலைந்து. நான் மறுத்துப் பேசவில்லை.

அந்த ஞாயிறு மேட்டுப்பாளையம் இறங்கி ஏறினேன். மரப்பாலத்திலிருந்து காட்டேரி வரை இரண்டாவது கியர். மலை ரயில் பாதை தெரியும் வளைவில் ஒரு இன்னோவாவுக்கு வழி கொடுத்தேன், அது கௌரவத்துக்காக. முதல் கியருக்கு எங்கேயும் போகவில்லை. பர்லியாறில் நிறுத்தி எண்ணியது உண்மை. ஆனால் இப்போது 11 போதும் என்று தெரிந்தது. சீசனில் போலீஸ் ஒருவழிப் பாதையாக்கி குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் விடுகிற நாட்களில் இறங்குவதற்கான எண்ணிக்கை குஞ்சப்பனையில்.

மழைக்காலம் தனிக் கதை. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை எங்கள் வீட்டு ஷெட்டுக்குள் மேகம் வந்து குடியிருக்கும். காலையில் மூடியைத் திறந்தால் உள்ளே வேர்த்திருக்கும், பொறி பிளக்குக்குப் போகாமல் ஈரத்தில் ஓடிவிடும். பல தடவை அப்படி ஓடினால் மூடியின் உட்புறத்தில் பென்சில் கோடு போல ஒரு கரிக்கோடு விழும். அது விழுந்தால் மூடியை மாற்றவேண்டியதுதான், சுரண்டினாலும் பொறி அதே வழியைத்தான் தேடும். அப்பா மழை நாட்களில் ராத்திரி ஷிப்டுக்கு நடந்து போகும்போது மூடியைக் கழற்றி டிபன் பாக்ஸோடு எடுத்துப்போவார். பாக்டரியில் டிரையர் பக்கத்தில் வைத்துவிட்டு, விடிகாலையில் தேயிலை வாசனையோடு திருப்பிக் கொண்டுவந்து மாட்டுவார். எனக்கு டிரையர் இல்லை. சமையலறை ரப்பர் கையுறையின் விரல் நுனிகளை வெட்டி, ஒயர்களை அதன் வழியே நுழைத்து மூடிக்கு உறையாகப் போட்டிருக்கிறேன். பார்க்க அசிங்கம், வேலை செய்கிறது. கையுறைக்கு வீட்டில் வேறு கணக்குக் கேட்கப்படுகிறது.

இப்போது மிச்சம் இருப்பது வேக்கம் யூனிட். அந்த 7-14-6. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 30 அங்குலம், குன்னூரில் 24தான். சமதளத்தில் நிதானமாகப் போகும்போது இன்ஜின் உள்ளே 15 அங்குல அழுத்தம் வைத்துக்கொண்டு ஓடுகிறது என்று வையுங்கள். கீழே உறிஞ்சல் 30க்கும் 15க்கும் உள்ள வித்தியாசம், 15. ஜவ்வு முழுக்கத் திரும்பிவிடும். இங்கே அதே வேகத்தில், அதே இழுவையில் 24க்கும் 15க்கும் உள்ள வித்தியாசம், 9. ஏழில் கண் விழிக்கிற ஜவ்வு ஒன்பதில் சோம்பல் முறித்துக்கொண்டுதான் இருக்கும். அருவங்காடு ரோட்டில் பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கிறதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். முதல் எண் 4 அல்லது 5 உள்ள யூனிட் கிடைத்தால் மாற்றிப் பார்க்கலாம்.

பாய் சொல்லி, கோவை உக்கடத்தில் பழைய சாமான் கடை ஒன்றுக்குப் போன் போட்டேன்.

"இருக்கு சார். அம்பாசிடர், ஃபியட், எல்லாத்தோடதும் கெடக்கு."

"அதுல ஒரு நம்பர் அடிச்சிருக்கும். மூணு நம்பர், நடுவுல கோடு. என்னன்னு பாத்துச் சொல்றீங்களா?"

கொஞ்ச நேரம் இரும்பு உருளும் சத்தம்.

"துரு புடிச்சிருக்கு சார். வட்டமா இருக்கு. நீங்க நேர்ல வந்து பாத்துக்கங்க."

சனிக்கிழமை இறங்குகிறேன். மண்ணெண்ணெய்த் துணி எடுத்து வைத்தாயிற்று.